'தி இம்போஸ்டர்': பார்த்தவர்களும் பார்க்கப்போகிறவர்களும் கேட்கும் கேள்விகள்

இந்தப் படத்தை நான் பார்க்கச் சொல்லாத ஆள் கிடையாது. சொன்னதும் சிலர் பார்ப்பதற்கு முன்பே சந்தேகம் கேட்பார்கள். பார்த்தவர்கள் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டுச் சண்டை போடுவார்கள். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் மொத்தமாக இங்கே பதில்.

இது என்ன படம்? யாரைப் பற்றியது?

2012-ல் வந்த பிரிட்டிஷ் ஆவணப்படம். இயக்குநர் பார்ட் லேட்டன். திரையரங்குக்கென்று அவர் எடுத்த முதல் முழுநீளப் படம் இதுதான். அடுத்த ஆண்டே அறிமுகப் படைப்பாளிகளுக்கான பாஃப்டா விருதை வாங்கிக் கொடுத்தது.

1994 ஜூன் மாதம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் சான் அன்டோனியோ நகரம். கூடைப்பந்து விளையாடப் போன நிக்கோலஸ் பார்க்லே என்ற 13 வயதுப் பையன் வீடு திரும்பவில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் ஆகி, 1997 அக்டோபரில், ஸ்பெயினில் லினாரெஸ் என்ற ஊரிலிருந்து தகவல் வருகிறது: பையன் உயிரோடு இருக்கிறான், இங்கே ஒரு சிறார் காப்பகத்தில்தான் இருக்கிறான். அக்கா விமானம் ஏறிப் போகிறார், தம்பியைக் கட்டி அணைக்கிறார், வீட்டுக்கு அழைத்து வருகிறார். வந்தவன் தம்பி இல்லை. பிரெடெரிக் பூர்தான் என்ற 23 வயது பிரெஞ்சுக்காரன். கிட்டத்தட்ட ஐந்து மாதம் அந்தக் குடும்பத்துப் பிள்ளையாக, மஞ்சள் பேருந்தில் பள்ளிக்கூடம்கூடப் போய்க்கொண்டு இருந்திருக்கிறான்.

என்னங்க, கதை முழுவதையும் சொல்லிவிட்டீர்களே?

இல்லை. படத்தின் பெயரிலேயே ஆள்மாறாட்டம் இருக்கிறது. ஆரம்பித்த சில நிமிஷங்களிலேயே பூர்தான் கேமரா முன்னால் உட்கார்ந்து நான்தான் அந்த ஆள் என்று தன் வாயாலேயே சொல்லிவிடுகிறான். 'யார்' என்ற கேள்வியை முதலிலேயே தீர்த்துவிட்டு, அதற்குப் பிறகும் ஒன்றரை மணி நேரம் நம்மை நாற்காலியை விட்டு எழ விடாமல் வைக்கிறார் லேட்டன். உண்மையான திருப்பம் கடைசி அரை மணி நேரத்தில் இருக்கிறது. அது தெரிய வேண்டாம் என்பவர்கள் கீழே பணத்தைப் பற்றிய கேள்வியோடு நிறுத்திக்கொண்டு, படத்தைப் பார்த்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

அவன் இதை எப்படித்தான் செய்தான்?

முதலில் அவனுக்கு நிக்கோலஸ் என்று ஒரு பையன் இருப்பதே தெரியாது. தெருவில் அநாதையாகக் கிடைத்த சிறுவன்போல் நடித்துக் காப்பகத்துக்குள் நுழைந்துவிட்டான். நீ யார் என்று கேட்கிறார்கள். சொல்லாவிட்டால் கைரேகை எடுப்பார்கள், குட்டு உடைந்துவிடும். நான் அமெரிக்கன், ராத்திரி நேரத்தில் வீட்டுக்கு நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிக் காப்பகத்து அலுவலகத் தொலைபேசியைக் கைப்பற்றுகிறான்.

அதன் பிறகு நடப்பதுதான் தலையைச் சுற்ற வைக்கும். அமெரிக்காவில் காணாமல்போன குழந்தைகளைத் தேடும் மையத்தை அழைத்து, தன்னைக் காப்பக ஊழியர்போலக் காட்டிக்கொள்கிறான். 'எங்களிடம் ஒரு பையன் இருக்கிறான், பேச மாட்டேன் என்கிறான்' என்று தன்னுடைய அங்க அடையாளங்களையே சொல்கிறான். குள்ளம், ஒல்லி, முன்பற்களுக்கு நடுவே இடைவெளி. எதிர்முனையில் இருப்பவர்கள் அக்கறையோடு தேடிப் பார்த்து, இந்தப் பையனாக இருக்கலாம் என்று அவர்களே ஒரு பெயரை எடுத்துக் கொடுக்கிறார்கள். தொலைநகலில் வந்தது கறுப்பு வெள்ளைப் படம். மங்கலாக இருக்கிறது. சரி, சமாளித்துவிடலாம் என்று 'ஆமாம், இவனேதான்' என்று சொல்லிவிடுகிறான்.

பிறகு தபாலில் வண்ணப்படம் வருகிறது. நிக்கோலஸுக்குப் பொன்னிற முடி, நீலக் கண். கையில் பச்சை குத்தியிருக்கிறது. பூர்தானுக்கோ கறுத்த முடி, பழுப்புக் கண், முகத்தில் தாடி முளைக்கும் வயது. அந்தக் காகிதத்தை எரித்துவிட்டு, முடிக்குச் சாயம் ஏற்றிக்கொள்கிறான், பச்சை குத்திக்கொள்கிறான். கண்ணுக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்கு ஒரு கதை தயாராகிறது: கடத்தியவர்கள் கொடுமைப்படுத்தினார்கள், மருந்து செலுத்திக் கண்ணின் நிறத்தையே மாற்றிவிட்டார்கள்.

கண் நிறமே வேறு, பேச்சில் பிரெஞ்சு வாடை. பெற்ற தாய்க்குக்கூடவா தெரியாது?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. படம் பார்க்கும்போது திரையைப் பார்த்துக் கத்தாதவர்கள் குறைவு.

ஆனால் அவர்கள் இடத்திலிருந்து பாருங்கள். மூன்று வருஷம் மகன் என்ன ஆனான் என்றே தெரியாத வீடு. 13 வயதில் போனவன் 16 வயதில் வருகிறான். அந்த வயதில் மூன்று வருஷம் என்றால் குரல், உயரம், முகவெட்டு எல்லாம் மாறும் காலம். அவன் சொல்லும் கடத்தல் கதை இருக்கிறதே, அது எல்லாப் பொருத்தமின்மைக்கும் பதில் வைத்திருக்கிறது. ஏன் பேச மாட்டேன் என்கிறான்? கொடுமைப்படுத்தினார்கள். ஏன் ஆங்கிலம் இப்படி இருக்கிறது? பேசவே விடவில்லை. ஏன் பழைய விஷயங்கள் நினைவில்லை? அதுவும் அவர்கள் செய்ததுதான். இதற்கு மேல் கேட்டால், கேட்பவர்தான் ஈவு இரக்கம் இல்லாதவர் ஆகிவிடுவார். பாதிக்கப்பட்ட பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்ய யாருக்கு மனம் வரும்?

அக்கா காப்பகத்துக்கு வரும் காட்சியை நன்றாகக் கவனியுங்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தைச் சுற்றித் துணி, தணிந்த குரல். முகத்தை முடிந்தவரை மறைத்துக்கொண்டு நிற்கிறான். அக்கா ஓடிவந்து கட்டிக்கொள்கிறார், உடனே குடும்பப் படங்களை எடுத்துக் காட்டி இவர் இன்னார், அவர் இன்னார் என்று நினைவூட்டுகிறார். அன்பில் செய்வது. ஆனால் பின்னால் அதிகாரிகள் படங்களைக் காட்டி 'இது யார்' என்று கேட்டபோது அவனுக்குக் கைகொடுத்தது அந்தப் பாடம்தான். அவன் பெரிதாக ஒன்றும் சொல்லவே இல்லை. எதிரில் இருப்பவர்களைப் பேசவிட்டான், அவர்கள் சொன்னதைத் திருப்பிக் கொடுத்தான். காணாமல்போனோர் மையத்திடம் செய்ததும் இதே வேலைதான்.

அதிகாரிகளுமா ஏமாந்தார்கள்?

ஆமாம். குடும்பத்தை மட்டும் கேலி செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஸ்பெயின் காப்பகம் நம்பியது. அமெரிக்கத் தூதரகத்தினர் அக்காவிடம் சத்தியப் பிரமாணம் வாங்கிக்கொண்டு கடவுச்சீட்டே கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு அரசுகள் முத்திரை குத்திக் கொடுத்த பிள்ளையை வீட்டார் சந்தேகப்பட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். நான்சி ஃபிஷர் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரி, கடத்தல் கும்பலைப் பிடிக்கலாம் என்று இவனிடம் வாக்குமூலம் வாங்கப் போய், ஆளே சரியில்லையே என்று யோசிக்கத் தொடங்கினார். ஹூஸ்டனில் குழந்தைகள் மனநல மருத்துவரான புரூஸ் பெர்ரியிடம் கூட்டிக்கொண்டு போனார். ஆங்கிலம் பேசும் அமெரிக்க வீட்டில் வளர்ந்த பிள்ளை இவன் இல்லை என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகும் வீட்டார் அவனை வெளியே அனுப்பவில்லை. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், படம் இங்கிருந்துதான் திரும்பப்போகிறது.

அந்தத் தனியார் துப்பறிவாளர் யார்? அவரைத்தான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

சார்லி பார்க்கர். சான் அன்டோனியோக்காரர், வயதானவர். திரையில் அவர் வந்ததும் படத்துக்கே ஒரு தெம்பு வந்துவிடும். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக 'திரும்பி வந்த பையனை'க் கண்டுபிடித்துப் பேட்டிக்கு ஏற்பாடு செய்யப் போனவர் அவர். பேட்டி நடந்துகொண்டிருக்கிறது. அங்கே நிக்கோலஸின் பழைய படம் ஒன்று இருக்கிறது. பார்க்கர் படத்தைப் பார்க்கிறார், ஆளைப் பார்க்கிறார், மறுபடியும் படத்தைப் பார்க்கிறார். படத்தில் கண் நீலம், ஆளுக்குப் பழுப்பு. அத்தோடு விடவில்லை. படம்பிடிப்பவரிடம் மெதுவாக, காதை நெருக்கத்தில் எடுத்துக்கொள் என்கிறார்.

காது ஏன் என்றால், ஒரு ஆளின் காதமைப்பு கைரேகைபோல அவருக்கே உரியது, வயதானாலும் வடிவம் அவ்வளவாக மாறாது என்று அவர் எங்கோ படித்திருந்தார். வீட்டுக்குப் போய்க் கணினியில் இரண்டு காதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். பொருந்தவில்லை. அரசாங்கங்கள் பார்க்காததை, மேசையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் காது மடலை வைத்துப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து இவன் உளவாளியோ என்று சந்தேகப்பட்டு, அவன் பின்னாலேயே அலைகிறார். அவர் அதைச் சொல்லும் தோரணைக்காகவே படத்தை மறுபடி பார்க்கலாம்.

கடைசியில் 1998 மார்ச்சில் ஒரு நாள், காலை உணவுக்கு அவனை வெளியே அழைத்துப் போகிறார். சாப்பாட்டு மேசையில் வைத்து, தன் பெயர் பிரெடெரிக் பூர்தான், இன்டர்போல் தன்னைத் தேடுகிறது என்று அவனே சொல்லிவிடுகிறான். பார்க்கர் வெளியே போய் ஃபிஷரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னால், அதே பெயர் கைரேகை மூலம் அங்கேயும் அப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

மோசடி என்றால் பணம் இருக்க வேண்டுமே? அவனுக்கு என்ன லாபம்?

பணம் இல்லை. அதனால்தான் மற்ற மோசடிப் படங்களோடு இதைச் சேர்க்க முடியவில்லை. ஐரோப்பா முழுக்க ஊர் ஊராகப் போய், அநாதைச் சிறுவனாக நடித்துக் காப்பகங்களில் தங்குவதுதான் அவன் தொழில் மாதிரி. தனக்குக் கிடைக்காத பாசமான குழந்தைப் பருவத்தைத் தேடினேன் என்று அவனே விளக்கம் சொல்கிறான். தகப்பனைப் பார்த்ததே இல்லை, தாத்தா பாட்டி வளர்த்தார்கள் என்று சொல்லும்போது நமக்கே பாவமாக இருக்கும். அந்தப் பாவத்தையும் அவன்தான் ஊட்டுகிறான் என்பது கொஞ்சம் தாமதமாக உறைக்கும்.

கடைசி அரை மணி நேரத்தில் அப்படி என்ன?

குட்டு உடைந்ததும் பூர்தான் புதிதாக ஒன்றைக் கிளப்புகிறான். இந்த வீட்டார் என்னை நம்பவே இல்லை. நான் அவர்கள் பிள்ளை இல்லை என்று ஆரம்பத்திலிருந்தே அவர்களுக்குத் தெரியும். நிக்கோலஸுக்கு என்ன ஆனது என்று தெரிந்தவர்கள் என்பதால்தான் என்னை ஏற்றுக்கொண்டார்கள். அதாவது, கொலையை மறைத்தார்கள் என்கிறான்.

சட்டென்று எல்லாம் இடம் மாறி உட்காருகிறது. டி.என்.ஏ. சோதனைக்குத் தாய் ரத்தம் கொடுக்க மறுத்தது, எஃப்.பி.ஐ. சொல்லியும் அனுப்பாமல் வைத்துக்கொண்டது, அக்கா படங்களைக் காட்டியது என்று அதுவரை அன்பாகத் தெரிந்ததெல்லாம் வேறு மாதிரித் தெரிகிறது. பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் 'அந்தக் குடும்பம்தான் செய்திருக்கிறது' என்று அடித்துச் சொல்கிறார்கள்.

நான் அவர்களிடம் திரும்பக் கேட்பது ஒன்றுதான். இதை யார் சொன்னது? ஒரு மணி நேரமாக, தான் எப்படியெல்லாம் பொய் சொன்னேன் என்று சிரித்துக்கொண்டே விவரித்த ஆள். இரண்டு நாட்டு அதிகாரிகளை ஏய்த்த ஆள். அவன் ஒரு குற்றச்சாட்டைச் சொன்னதும் ஏன் நம்பினோம்? மற்றவர்களை ஒரு மாதிரி எடுத்திருக்கிறார் லேட்டன். இவனை நெருக்கத்தில், நேருக்கு நேராக, நம்மிடமே பேசுவதுபோல எடுத்திருக்கிறார். அவன் குரலில்தான் கதை கேட்கிறோம், அவன் பதறும்போது நாமும் மாட்டிக்கொள்வோமோ என்று பதறுகிறோம். அக்காவிடம் அவன் செய்தது எதுவோ அதையே நம்மிடமும் செய்ய இயக்குநர் இடம் கொடுத்திருக்கிறார். வேண்டுமென்றே. இந்தப் படத்தை நான் இத்தனை பேரிடம் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். மோசடியை விளக்கும் படங்கள் நிறைய உண்டு. நம்மேலேயே நடத்திக் காட்டும் படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அப்படியானால் வீட்டார்மேல் தப்பு இல்லை என்கிறீர்களா?

எதுவும் நிரூபணம் ஆகவில்லை என்கிறேன். குற்றச்சாட்டை அவர்கள் மறுக்கிறார்கள். ஃபிஷரும் பார்க்கரும் அந்தக் கோணத்தில் துருவிப் பார்த்தார்கள். வழக்குப் போடும் அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சந்தேகத்தின் நிழல் விழுந்த குடும்பத்து ஆள் ஒருவர் 1998-லேயே இறந்துபோனார், பதில் சொல்ல ஆள் இல்லை. நிக்கோலஸ் என்ன ஆனான் என்பது மர்மமாகவே இருக்கிறது. படத்தில் பார்க்கர் பழைய வீட்டுக் கொல்லையில் தோண்டிப் பார்க்கும் காட்சி வருகிறது. அதிலும் ஒன்றும் இல்லை.

ஆவணப்படம் என்கிறீர்கள், நடிகர்கள் வருகிறார்களே?

நடந்ததை நடித்துக் காட்டும் காட்சிகள் அவை. பூர்தானாக நடித்திருப்பவர் ஆடம் ஓபிரையன். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: சில இடங்களில் நடிகரின் வாய் அசையும், வருவது நிஜமான பூர்தானின் பேட்டிக் குரல். நிஜம் எங்கே முடிகிறது, நடிப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு அழிந்துவிடும். மழை பெய்யும் ராத்திரி, தொலைபேசிக் கூண்டு, நீல வெளிச்சம் என்று திகில் படத்தின் சாமான்கள் எல்லாம் உண்டு. லேட்டன் 2018-ல் எடுத்த 'அமெரிக்கன் அனிமல்ஸ்' படத்திலும் நிஜ ஆட்களையும் நடிகர்களையும் இதேபோலக் கலந்திருக்கிறார்.

உங்களுக்கு இதில் குறையே தெரியவில்லையா?

ஒன்று தெரிகிறது. ஒரு பையன் காணாமல் போயிருக்கிறான். பூர்தானுக்குக் கிடைத்த நேரத்தில் கால்வாசிகூட நிக்கோலஸுக்கு இல்லை. வீட்டு வீடியோவில் கொஞ்சம் வருகிறான், குறும்புக்காரன் என்று தெரிகிறது, அவ்வளவுதான். சில நகைச்சுவை வெட்டுகளும் அந்த வீட்டின் துக்கத்துக்குப் பக்கத்தில் உறுத்துகின்றன. ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் என் மதிப்பெண் குறையவில்லை.

'கேட்ச் மி இஃப் யூ கேன்' பிடித்தவர்களுக்கு இது பிடிக்குமா?

பிடிக்கும், ஆனால் அந்தப் படத்தை அதன் பிறகு பழைய மாதிரி பார்க்க முடியாது. ஸ்பீல்பெர்க் 2002-ல் எடுத்த அந்தப் படம் ஃபிராங்க் அபக்னேல் தன்னைப் பற்றிச் சொன்ன கதை. விமானி, மருத்துவர், வழக்கறிஞர் என்று வேஷம் போட்டதாக அவர் சொல்லிக்கொண்ட வருஷங்களில், 1965-லிருந்து 1968 வரை பெரும்பகுதி நியூயார்க் மாகாணச் சிறையில் இருந்தார் என்று பதிவேடுகள் காட்டுகின்றன. மோசடிக்காரன் சொல்லும் சுயசரிதையை ஹாலிவுட் அப்படியே வாங்கிக்கொண்டது. லேட்டன் அதே மாதிரி ஆளைப் பேசவிட்டு, கேட்கும் நம்மைக் கவனிக்கிறார்.

இப்படி இந்தியாவில் எங்காவது நடந்திருக்கிறதா?

வெள்ளைக்காரர் காலத்து இந்தியாவில் நடந்த பாவல் சந்நியாசி வழக்கைச் சொல்லலாம். டாக்கா பக்கத்து பாவல் ஜமீனின் இரண்டாவது குமாரர் 1909-ல் டார்ஜிலிங்கில் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டியிருந்தார்கள். சுமார் 12 வருஷம் கழித்து உடம்பெல்லாம் விபூதியோடு ஒரு சந்நியாசி வந்தார். குடும்பத்தில் சகோதரி ஏற்றுக்கொண்டார், மனைவி ஏற்கவில்லை. வழக்கு டாக்கா நீதிமன்றம், கல்கத்தா உயர்நீதிமன்றம் என்று போய் 1946-ல் அன்றைய கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை இழுத்தது. மூன்று இடத்திலும் சந்நியாசி பக்கமே தீர்ப்பு. தீர்ப்பு வந்த சில நாளிலேயே அவர் இறந்தும் போனார். பூர்தான் கதையைக் கேட்டுவிட்டு, திரும்பி வருகிறவன் எல்லாம் போலிதான் என்று முடிவு செய்பவர்கள் இந்த வழக்கைத் தேடிப் படிக்க வேண்டும்.

அப்புறம் பூர்தானுக்கு என்ன ஆயிற்று?

பொய்க் கடவுச்சீட்டு, பொய்ச் சத்தியம் ஆகிய குற்றங்களுக்கு ஆறு வருஷச் சிறை. வழக்கமாகக் கொடுக்கும் தண்டனையைவிட இது மூன்று மடங்குக்கு மேல். 2003-ல் பிரான்சுக்கு அனுப்பினார்கள். திருந்தினானா? போன கையோடு, காணாமல்போன இன்னொரு பிரெஞ்சுச் சிறுவன் நான்தான் என்றான், டி.என்.ஏ. சோதனை காட்டிக் கொடுத்தது. 2005-ல், 30 வயதைத் தாண்டப்போகும் நேரத்தில், பிரான்சின் போ நகரப் பள்ளியில் 15 வயது ஸ்பானிய அநாதையாகச் சேர்ந்து சுமார் ஒரு மாதம் படித்தான். வழுக்கை விழுந்த தலையைத் தொப்பியால் மறைத்துக்கொண்டு. பிறகு கல்யாணம் ஆயிற்று, குழந்தைகளும் பிறந்தன.

குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

வேண்டாம். ரத்தம் இல்லை, ஆனால் கடத்தல் கதையில் பாலியல் கொடுமைப் பேச்சு வருகிறது. பெரியவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் எப்படியும் இரண்டு கட்சியாகப் பிரிவீர்கள். தனியாகப் பார்த்தால் சண்டை போட என்னைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். பதினொரு மணிக்கு முன்னால் என்றால் நல்லது.